காலைக் கொழுந்து எத்தனை கிலோ? பைதானில் உள்ளீடு வாங்கப் பழகுவோம்

"அண்ணே, கம்பியூட்டர் ஸ்டக் ஆயிருச்சு."

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பைதான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். உள்ளீடு பாடம் வரும்போதெல்லாம் இந்தக் குரலும் வரும். கடைசியாகச் சொன்னது தரம் 11 படிக்கும் ஒரு தங்கச்சி. போய்ப் பார்த்தேன். திரையில் அவள் எழுதிய கேள்வி நிற்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி மறைகிறது. ஸ்டக் எல்லாம் ஆகவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் ஏதாவது அடிப்பாள் என்று கணினி காத்திருக்கிறது. கணினி ஏதாவது செய்யும் என்று அவள் காத்திருக்கிறாள்.

"உன்னத்தான்மா கேக்குது. ஒரு நம்பர அடிச்சு என்டர் தட்டு" என்றேன். தட்டினாள். நிரல் ஓடியது.

அந்த மின்னும் கோடு என்ன சொல்கிறது என்று புரிந்துவிட்டால் உள்ளீட்டில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதியில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அதை நிதானமாகப் பார்ப்போம்.

உள்ளீடு வாங்காத நிரல் எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடையைத்தான் சொல்லும். 12, 9, 7 என்று மூன்று எண்களை நிரலுக்குள்ளேயே எழுதிக் கூட்டச் சொன்னால் இன்றைக்கும் 28, நாளைக்கும் 28. ஆனால் மலையில் பறிக்கிற தேயிலைக் கொழுந்து அப்படி வருவதில்லை. மழை நாளில் ஒரு கணக்கு, வெயில் நாளில் ஒரு கணக்கு. அன்றன்றைய எண்ணை நிரல் ஓடும்போதே ஆளிடம் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்டு வாங்குவதைத்தான் உள்ளீடு என்கிறோம்.

பைதானில் அதற்கு ஒரே சொல் போதும்: இன்புட். இந்தக் கட்டுரையில் பைதான் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். கணினியில் அடிக்கும்போது இன்புட், திரையில் காட்டுகிற பிரிண்ட் போன்றவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். இன்புட் என்றால் ஐ, என், பி, யூ, டி. ட்ரூ, வேல்யூஎரர் மாதிரி சில சொற்களில் மட்டும் பெரிய எழுத்து வரும். காலை, பகல், மொத்தம் போன்று நாமே வைக்கும் மாறிப் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம். (மாறி என்பது ஒரு மதிப்பைப் போட்டுவைக்கிற, பெயர் வைத்த இடம்.) 2008 இல் வந்த பைதான் 3 முதல் அதற்கு இடமிருக்கிறது.

    காலை = இன்புட்("காலைக் கொழுந்து எத்தனை கிலோ? ")

இந்த வரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். முதலில் இன்புட் வேலை செய்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் கேள்வியைத் திரையில் காட்டிவிட்டு அங்கேயே நிற்கிறது. அடுத்த வரிக்குப் போகாது. நாம் அடித்து என்டர் தட்டிய பிறகு, அடித்ததை எடுத்துக்கொண்டு வருகிறது. அப்புறம்தான் சமக்குறியின் வேலை: வந்ததைக் காலை என்ற மாறியில் வைக்கிறது. கேள்விக்குறிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் அடிக்கிற எண் கேள்வியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்க்க நன்றாயிராது.

சிலர் இடப்பக்கம் மாறியே வைக்காமல் இன்புட்டை மட்டும் எழுதிவிடுவார்கள். கணினி கேட்கும், காத்திருக்கும், நாம் அடித்ததையும் வாங்கும். ஆனால் அதை வைக்க இடம் இல்லை. கிலோவைக் கேட்டுவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்ட மாதிரிதான்.

என்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்டர் தட்டும்வரை நீங்கள் அடிப்பது எதுவும் நிரலுக்குப் போய்ச் சேராது. 12 க்குப் பதில் 21 என்று அடித்துவிட்டால் அழித்துவிட்டுத் திருத்தலாம். நடுவில் நடந்த அடித்தல் திருத்தல் எதையும் நிரல் பார்ப்பதில்லை; என்டர் தட்டிய நேரத்தில் இருந்த வரி மட்டும் முழுதாகப் போகும். என்டருக்குப் பிறகு திருத்த வழியில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இப்போது மூன்று நிறுவைக்கும் கேட்போம். காலை, பகல், அந்தி.

    காலை = இன்புட்("காலைக் கொழுந்து எத்தனை கிலோ? ")
    பகல் = இன்புட்("பகல் கொழுந்து எத்தனை கிலோ? ")
    அந்தி = இன்புட்("அந்திக் கொழுந்து எத்தனை கிலோ? ")
    மொத்தம் = காலை + பகல் + அந்தி
    பிரிண்ட்("மொத்தம்", மொத்தம், "கிலோ")

ஓட்டி 12, 9, 7 என்று அடித்தால் திரையில் வருவது இது:

    மொத்தம் 1297 கிலோ

வகுப்பில் இந்த இடத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. பிள்ளைகளே பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். முதலில் சிரிப்பார்கள். ஒரு நாளில் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு கிலோ! அப்புறம் யாராவது ஒருவர், "அண்ணே, இது கூட்டல, பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்கு" என்பார். அதேதான்.

இன்புட் கொண்டுவருவது எண் இல்லை, எழுத்து. நாம் 12 என்று அடித்தாலும் பைதான் கண்ணுக்கு அது 1 என்ற குறியும் 2 என்ற குறியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஓர் எழுத்து வரிசை. இதைச் சரம் என்கிறோம். கட்டிய பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சரத்தைக் கூட்டு என்றால் ஒன்றின் நுனியில் மற்றதைக் கட்டுவதுதானே முறை? பைதானும் 12 இன் நுனியில் 9 ஐக் கட்டி, அதன் நுனியில் 7 ஐக் கட்டித் தந்துவிட்டது.

ஏன் தானாகவே எண்ணாக மாற்றக் கூடாது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாம் அடிப்பது எல்லாமே எண் இல்லையே. பெயர் அடிப்போம், ஊர் அடிப்போம். தொலைபேசி இலக்கத்தைப் பாருங்கள்: முழுக்க எண்தான், ஆனால் அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. எண்ணாக மாற்றினால் முன்னால் இருக்கும் பூச்சியம் காணாமல் போய்விடும். எது எண், எது எழுத்து என்று நிரல் எழுதுகிற நமக்குத்தான் தெரியும். அதனால் அந்தத் தீர்மானத்தைப் பைதான் நம்மிடம் விட்டுவிடுகிறது. பைதான் 2 காலத்தில் இப்படி இல்லை. அப்போது இன்புட், நாம் அடித்ததைப் பைதான் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கும். அடிக்கிறவர் என்ன கட்டளையையும் கொடுத்துவிடலாம் என்பதால் அது ஆபத்தானது. பைதான் 3 இல் அதை மாற்றினார்கள். 2020 தொடக்கத்தோடு பைதான் 2 க்கான ஆதரவும் நின்றுவிட்டது. பழைய வீடியோ பார்த்துப் படிக்கிறவர்கள் அது எந்தப் பைதான் என்று முதலில் பாருங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் பாஸ்கல் என்ற நிரல்மொழி படித்தவர்களுக்கு இங்கே குழப்பம் வரும். அங்கே மாறியை அறிவிக்கும்போதே இது முழு எண் என்று சொல்லிவிடுகிறோம். அதனால் அங்கே உள்ளீடு வாங்கும் ரீட்எல்என் எண்ணாகவே வாங்கித் தருகிறது. எழுத்தை அடித்தால் 106 என்ற பிழை எண்ணோடு நிரல் நின்றுவிடும். உயர்தரத்தில் பைதானுக்கு வரும்போது மாறியை முன்கூட்டி அறிவிப்பது கிடையாது. மாற்றுகிற வேலை நம் தலையில்.

அந்த வேலைக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. முழு எண்ணுக்கு இன்ட். தசம எண்ணுக்கு ஃப்ளோட்.

    காலை = இன்ட்(இன்புட்("காலைக் கொழுந்து எத்தனை கிலோ? "))

உள்ளே இருக்கும் இன்புட் முதலில் எழுத்தைக் கொண்டுவரும், வெளியே இருக்கும் இன்ட் அதை எண்ணாக்கும். அடைப்புக்குறி இரண்டு திறந்தால் இரண்டு மூட வேண்டும். இப்போது 12, 9, 7 அடித்தால் 28 வரும்.

ஆனால் அரைக் கிலோவும் கால் கிலோவும் நமக்குக் கணக்குத்தான். 12.5 என்று அடித்தால் இன்ட் ஏற்காது. ஆகவே நிறுவைக்கு ஃப்ளோட்தான் சரி. ஆள் எண்ணிக்கை, நாள் எண்ணிக்கை மாதிரி பின்னம் வராததற்கு இன்ட் வையுங்கள். (தமிழ் இலக்கத்தில் ௧௨ என்று அடித்தாலும் இன்ட் அதை 12 என்று புரிந்துகொள்ளும். முதல் முறை பார்த்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.)

மாற்ற மறந்தால் வரும் வினையை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கூட்டலோடு அது முடிவதில்லை. தோட்டத் தொழிலாளர்கள் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று பல வருடம் கேட்டு, 2021 இல் அது அரசு வர்த்தமானியில் வந்தது. அந்த 1000 ஐ இன்புட்டில் வாங்கி, இன்ட் போடாமல், இருபது நாளுக்கு என்று 20 ஆல் பெருக்கிப் பாருங்கள். இருபதாயிரம் வராது. 1000 என்பதை இருபது தடவை ஒட்டி, 80 இலக்கம் நீளத்துக்கு ஒரு சரம் வரும்.

இதைவிட மோசமானது ஒப்பிடுதல். ஒரு தோட்டத்தில் நாளுக்கு 18 கிலோ நோம் (முழுச் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய அளவு) என்று வைத்துக்கொள்வோம். பறித்த கிலோவும் சரம், 18 உம் சரம் என்றால் பைதான், அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி முதல் எழுத்தை முதலில் பார்க்கும். 9 என்ற எழுத்து 1 க்குப் பின்னால் வருவது. அவ்வளவுதான், 9 கிலோ 18 ஐவிடப் பெரியது என்று தீர்ப்புச் சொல்லிவிடும். 100 கிலோ பறித்தவர் 18 ஐத் தாண்டவில்லை என்றும் சொல்லும். முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) யாருக்கு, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) யாருக்கு என்பதே தலைகீழாகிவிடும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. நிரல் பாட்டுக்கு அமைதியாகத் தப்பான விடையைத் தந்துகொண்டே இருக்கும். கழித்தலில் அப்படி இல்லை. சரத்திலிருந்து சரத்தைக் கழிக்கச் சொன்னால் முடியாது என்று உடனே சிவப்பு எழுத்தில் கத்தும். சிவப்பு எழுத்தைக் கண்டு பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது அமைதியாக வரும் 1297 க்குத்தான்.

இன்ட்டும் ஃப்ளோட்டும் போட்டாகிவிட்டது, இனி கவலையில்லை என்று நினைத்தால் அடுத்த சனிக்கிழமை ஒருவர் 12 கிலோ என்று அடிப்பார். கேள்வி எத்தனை கிலோ என்றுதானே கேட்டது, அவர் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். ஆனால் கிலோ என்ற சொல்லை எண்ணாக்க வழி தெரியாமல் நிரல் வேல்யூஎரர் என்று சொல்லி நின்றுவிடும். பன்னிரண்டரை என்று எழுத்தில் அடித்தாலும் அதேதான். புள்ளிக்குப் பதில் கமா போட்டாலும், ஒன்றும் அடிக்காமல் வெறுமனே என்டர் தட்டினாலும் அதேதான். முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியை மட்டும் பெரிதுபடுத்தாது.

இப்படி நின்றால் அடித்தவரைக் குறை சொல்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. அரை கிலோவை எப்படி எழுத வேண்டும் என்று கேள்வி சொல்லவில்லை. பிழை வந்தால் திரும்பக் கேட்கவும் நிரலுக்குத் தெரியவில்லை. இரண்டையும் சரிசெய்ய வேண்டியவர் நிரல் எழுதினவர்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. என் அம்மா கொழுந்து பறித்தவர். நிறுக்கிற இடத்தில் கிலோவைச் சொன்னதும் அதைத் தானும் ஒரு தரம் சத்தமாகச் சொல்லுவார். "பதிமூணு." ஒரு மாதம் 13 என்பது 3 என்று பதிவாகியிருந்தது. மாதக் கணக்கு கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்த முடியவில்லை. அன்றிலிருந்து வந்த பழக்கம் அது. நிரலுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: வாங்கியதைத் திருப்பிச் சொல். என்டர் தட்டிய பிறகு அடித்ததைத் திருத்த முடியாது என்றேன் இல்லையா? நிரல் என்ன பதிந்தது என்று அப்போதே காட்டினால்தான் அடித்தவருக்குத் தவறு தெரியும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு செயற்கூறு எழுதுவோம். செயற்கூறு என்பது பெயர் சொல்லி எத்தனை தடவையும் கூப்பிடக்கூடிய நிரல் துண்டு; டெஃப் என்ற சொல்லால் அதற்குப் பெயர் வைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஒரு தடவை எழுதிவிட்டால் மூன்று நிறுவைக்கும் இதுவே போதும்.

    டெஃப் கிலோ_கேள்(கேள்வி):
        வைல் ட்ரூ:
            பதில் = இன்புட்(கேள்வி)
            ட்ரை:
                கிலோ = ஃப்ளோட்(பதில்)
            எக்செப்ட் வேல்யூஎரர்:
                பிரிண்ட்("எண்ணை மட்டும் அடியுங்கள். அரை கிலோவுக்கு 12.5 மாதிரி.")
                கன்டினியூ
            இஃப் 0 <= கிலோ <= 40:
                பிரிண்ட்("பதிந்தது:", கிலோ)
                ரிட்டர்ன் கிலோ
            பிரிண்ட்("ஒரு நிறுவைக்கு 0 முதல் 40 வரைதான். திரும்பப் பாருங்கள்.")

வைல் ட்ரூ என்றால் வெளியே போகச் சொல்லும்வரை சுற்று என்று அர்த்தம். ட்ரை என்பது செய்து பார். ஃப்ளோட் வேலை செய்தால் நல்லது. வேல்யூஎரர் வந்தால் நின்றுவிடாமல் எக்செப்ட் பகுதிக்குப் போ. அங்கே ஒரு விளக்கத்தைச் சொல்லிவிட்டு, கன்டினியூ மறுபடி கேள்விக்கே கூட்டிக்கொண்டு போகிறது. எண் ஒழுங்காக வந்து, அளவுக்குள்ளும் இருந்தால் மட்டுமே ரிட்டர்ன் அதை வெளியே கொடுத்துச் சுற்றை முடிக்கும்.

40 என்ற எல்லை நான் வைத்தது. உங்கள் மலைக்கு எது பொருந்துமோ அதை வையுங்கள். எல்லை இல்லாமல் மட்டும் விடாதீர்கள். 12 அடிக்கப் போய் 122 என்று விரல் பட்டால் அதுவும் நல்ல எண்தான், ஃப்ளோட் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். எண்தானா என்று பார்ப்பது ஒரு சோதனை, நடக்கக்கூடிய எண்தானா என்று பார்ப்பது வேறு சோதனை.

இனி மற்ற வரிகள் சுலபம்.

    காலை = கிலோ_கேள்("காலைக் கொழுந்து எத்தனை கிலோ? ")
    பகல் = கிலோ_கேள்("பகல் கொழுந்து எத்தனை கிலோ? ")
    அந்தி = கிலோ_கேள்("அந்திக் கொழுந்து எத்தனை கிலோ? ")
    பிரிண்ட்("மொத்தம்", காலை + பகல் + அந்தி, "கிலோ")

ஓட்டினால் இப்படி இருக்கும்:

    காலைக் கொழுந்து எத்தனை கிலோ? 12 கிலோ
    எண்ணை மட்டும் அடியுங்கள். அரை கிலோவுக்கு 12.5 மாதிரி.
    காலைக் கொழுந்து எத்தனை கிலோ? 12
    பதிந்தது: 12.0
    பகல் கொழுந்து எத்தனை கிலோ? 9.5
    பதிந்தது: 9.5
    அந்திக் கொழுந்து எத்தனை கிலோ? 70
    ஒரு நிறுவைக்கு 0 முதல் 40 வரைதான். திரும்பப் பாருங்கள்.
    அந்திக் கொழுந்து எத்தனை கிலோ? 7
    பதிந்தது: 7.0
    மொத்தம் 28.5 கிலோ

மூன்று எண்ணையும் ஒரே வரியில் வாங்கி, ஸ்பிளிட் என்பதைக் கொண்டு இடைவெளியில் பிரிக்கவும் முடியும். ஆனால் யாராவது நாலு எண் அடித்துவிட்டால் அது வேறு தலைவலி. பழகுகிற காலத்தில் ஒரு கேள்வி, ஒரு பதில் என்றே வையுங்கள். ஈரத்துக்கும் கோணிக்கும் கழிக்கிற கிலோவையும் கேட்டு மொத்தத்திலிருந்து கழிக்கலாம். அதற்கும் இதே செயற்கூறுதான், நீங்களே சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு என்ற செயலியைப் போட்டு இதையெல்லாம் செய்யலாம். இணையத்தில் ஓட்டிப் பார்க்கும் சில தளங்களில் மட்டும் உள்ளீட்டுக்கென்று தனிப்பெட்டி இருக்கும். ஓட்டுவதற்கு முன்பே பதில்களை அதில் வரிக்கு ஒன்றாக எழுதிவிட வேண்டும். பெட்டி காலியாக இருந்தால் ஈஓஎஃப்எரர் வரும். படிக்க வரியே இல்லை என்பதுதான் அதன் பொருள். விண்டோஸின் பழைய கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அப்போது பைதானோடு வரும் ஐடில் சாளரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

எழுத்தில் பதில் வாங்கும்போது வேறு மாதிரிச் சிக்கல் வரும். இதைக் காட்டித் தந்தது, ஸ்டக் ஆயிருச்சு என்ற அதே தங்கச்சிதான். அடுத்த வாரம் வந்தபோது நிரலில் ஒரு கேள்வி கூட்டியிருந்தாள். பதிந்ததைக் காட்டிவிட்டு, சரியா என்று கேட்கும். ஆம் என்று வந்தால்தான் மேலே போகும். வீட்டில் அம்மாவை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அம்மா வாயால் சொல்ல, இவள் சொன்னபடியே அடித்திருக்கிறாள். அம்மா சொன்னது "ஆமா." நிரல் எதிர்பார்த்தது ஆம். ஒரு எழுத்து மாறிப்போனதால் கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்ததாம். ஆம் என்று அடித்துப் பின்னால் ஓர் இடைவெளி விட்டாலும் பைதானுக்கு அது வேறு சொல்தான்.

"மனுசங்க ஒரே மாதிரியா ஆமா சொல்லுவாங்க? யார் யார் எப்பிடிச் சொல்லுவாங்கன்னு எழுதிட்டு வா" என்றேன். வகுப்பு முழுக்க அதற்குள் இறங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து மாமி வந்தால் ஓம் என்பார் என்றான் ஒரு தம்பி. பாட்டி ஆமாங்க என்பார் என்றாள் இன்னொருத்தி. பின்னால் ஒட்டும் இடைவெளியைக் களைய ஸ்ட்ரிப் போட்டோம். அன்று மாலை அவள் நிரலில் இருந்த வரி இது:

    இஃப் பதில்.ஸ்ட்ரிப்() இன் ["ஆம்", "ஆமா", "ஆமாங்க", "ஓம்", "ம்"]:

கடைசியில் இருக்கும் "ம்" எதற்கு என்று கேட்டேன். மலையிலிருந்து களைத்து வரும் அன்றைக்கு அம்மா அப்படித்தான் சொல்வாராம்.